ஆர்டிஐ மனுவில் அடுத்தவர் விவரம் வரும்போது எப்படிக் கேட்பது, எதை மறைப்பது

"தாங்கள் கோரிய தகவல் மூன்றாம் நபரின் தனிப்பட்ட விவரம் என்பதால் பிரிவு 8(1)(ஜே)-இன்படி வழங்க இயலாது." ஆர்டிஐ மனு, அதாவது தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்படி அரசு அலுவலகத்திடம் தகவல் கேட்கும் மனு, போட்டுப் பழகியவர்களுக்கு இந்த வரி மனப்பாடம். முன்பும் வந்துகொண்டுதான் இருந்தது. 2025 நவம்பருக்குப் பிறகு அலுவலகங்களுக்கு இது இன்னும் சுலபமாகிவிட்டது, ஏனென்றால் சட்டத்தின் வாசகத்தையே மாற்றிவிட்டார்கள். அதற்காக இந்த வரி எப்போதுமே சாக்குப்போக்கு என்று நினைத்துவிட வேண்டாம். பிரிந்துபோன மனைவி இப்போது எந்த ஊர்ப் பள்ளியில் வேலை பார்க்கிறார் என்று துருவுகிறவர், சொத்துத் தகராறில் தம்பியின் மருத்துவ விடுப்புச் சான்றிதழைக் கேட்கிறவர், இவர்களும் அதே பத்து ரூபாய் வில்லையை ஒட்டித்தான் மனு அனுப்புகிறார்கள். அவர்களுக்கு மறுப்பதுதான் நியாயம்.

அரசு என்ன செய்தது, யாருக்கு எவ்வளவு கொடுத்தது, எந்தக் காரணத்துக்காகக் கொடுத்தது என்பதெல்லாம் நமக்குத் தெரிந்தே ஆக வேண்டும். ஆனால் அதைத் தெரிந்துகொள்ள ஒருவரின் ஆதார் எண்ணோ நோயோ குடும்பக் கதையோ பெரும்பாலும் தேவைப்படாது. கேள்வியைச் சரியாக அமைத்தால் பாதிச் சண்டை அங்கேயே தீர்ந்துவிடும். பெயர் வெளியே வந்தால்தான் முறைகேடு தெரியும் என்கிற இடங்களில் மட்டும் விடாமல் வாதாட வேண்டும். இரண்டையும் எப்படிச் செய்வது என்று எழுதுகிறேன்.

முதலில் சட்டத்தில் என்ன மாறியது என்று பார்த்துவிடலாம்

2005-ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் 8(1)(ஜே) இப்படி இருந்தது: கேட்கும் விவரம் தனிப்பட்டதாக இருந்து, அதற்குப் பொதுச் செயல்பாட்டோடோ பொதுநலனோடோ சம்பந்தம் இல்லையென்றால், அல்லது அதைக் கொடுப்பது ஒருவரின் அந்தரங்கத்தில் தேவையில்லாமல் தலையிடுவதாக இருந்தால், மறுக்கலாம். அப்போதும் பெரிய பொதுநலன் இருக்கிறது என்று பொதுத் தகவல் அலுவலர் (மனுவுக்குப் பதில் தரும் பொறுப்பில் இருப்பவர்) கருதினால் கொடுக்கலாம். கூடவே ஓர் அருமையான வரி இருந்தது, நாடாளுமன்றத்துக்கோ சட்டமன்றத்துக்கோ மறுக்க முடியாத தகவலை எந்த மனிதருக்கும் மறுக்கக் கூடாது என்று. 2023-இல் நிறைவேறிய டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் பிரிவு 44(3) இவ்வளவையும் எடுத்துவிட்டு, "தனிநபர் தகவல் தொடர்பான தகவல்" என்று ஒரே வரியாக்கிவிட்டது. 2025 நவம்பர் 14 முதல் அது நடைமுறையில் இருக்கிறது.

அரசு தரப்பு இதற்குச் சொல்லும் நியாயம், 2017-இல் புட்டசாமி வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் அந்தரங்கம் ஓர் அடிப்படை உரிமை என்று தீர்ப்பளித்தார்கள் என்பது. அந்தத் தீர்ப்பு நமக்கு வேண்டும், அதில் இரண்டு கருத்து இல்லை. ஆனால் அரசு நம்மைத் துருவுவதிலிருந்து காப்பாற்ற வந்த உரிமையைக் கொண்டுவந்து அரசின் கோப்புக்குப் பூட்டாகப் போடுவதை என்னால் ஏற்க முடியவில்லை. தனிப்பட்டதா என்று மட்டும் பார்த்தால் எந்தக் கோப்பும் தேறாது. கையெழுத்துப் போட்ட அதிகாரியின் பெயரும் தனிநபர் தகவல்தான், ஒப்பந்தம் எடுத்தவரின் பெயரும் தனிநபர் தகவல்தான்.

நல்ல வேளையாக சில பிரிவுகளைத் தொடவில்லை. மனுவிலும் மேல்முறையீட்டிலும் இனி நாம் நிற்க வேண்டியது அவற்றின் மேல்தான். பிரிவு 8(2) சொல்கிறது: 8(1)-இல் எந்த விலக்கு இருந்தாலும், 1923-ஆம் ஆண்டின் அலுவல் ரகசியச் சட்டம் இருந்தாலும், வெளியிடுவதால் வரும் பொதுநலன் அதனால் வரும் கெடுதலைவிடப் பெரிது என்றால் தகவலைக் கொடுக்கலாம். பிரிவு 4(1)(பி) சொல்கிறது: அலுவலர்கள் ஒவ்வொருவரின் மாத ஊதியம், மானியத் திட்டங்களின் பயனாளிகள் விவரம், சலுகையும் அனுமதியும் உரிமமும் பெற்றவர்களின் விவரம், இதையெல்லாம் யாரும் கேட்காமலேயே அலுவலகம் தானாக வெளியிட வேண்டும். பிரிவு 10 சொல்கிறது: ஒரு பக்கத்தில் கொடுக்கக் கூடாத வரி இருந்தால் அந்த வரியை மறைத்துவிட்டு மீதியைக் கொடுக்க வேண்டும், முழுப் பக்கத்தையும் மறுக்கக் கூடாது. இந்த மூன்று எண்களையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், கீழே திரும்பத் திரும்ப வரும்.

பெயரே சாட்சியாக இருக்கும் இடம்

இந்தச் சட்டம் எங்கிருந்து வந்தது என்று தெரிந்தால் பெயர் எப்போது அவசியம் என்பது தானாகப் புரிந்துவிடும். 1990-களில் ராஜஸ்தானில் மஸ்தூர் கிசான் சக்தி சங்கடன் என்ற தொழிலாளர், விவசாயிகள் அமைப்பு கிராமம் கிராமமாக மக்கள் விசாரணை நடத்தியது. அரசு வேலைகளின் மஸ்டர் ரோலை, அதாவது யார் எத்தனை நாள் வேலை செய்தார், எவ்வளவு கூலி வாங்கினார் என்ற பதிவேட்டை, ஊர் நடுவில் சத்தமாக வாசித்தார்கள். செத்துப்போனவர்கள் பெயரில் கூலி போயிருந்தது, வேலைக்கே வராதவர்கள் பெயரில் போயிருந்தது. அந்தப் பதிவேட்டில் பெயர்களைக் கறுப்படித்துக் கொடுத்திருந்தால் அத்தனை பேர் வேலை செய்தார்கள், இவ்வளவு ரூபாய் செலவு என்ற கூட்டுத்தொகைதான் மிஞ்சியிருக்கும். அந்தக் கணக்கு ஒரு பைசா பிசகாமல் சரியாகத்தான் இருந்திருக்கும். (1996-இல் பியாவரில் நடந்த நாற்பது நாள் தர்ணாவும் அதன் தொடர்ச்சிதான். தகவல் உரிமைக்கான சட்டத்தை முதலில் போட்ட மாநிலங்களில் தமிழ்நாடும் ஒன்று, 1997-இலேயே. அந்தச் சட்டத்தில் விலக்குகள் அதிகம் என்பது வேறு விஷயம்.)

ஆக, பொதுப்பணம் ஓர் ஆளின் பெயரில் வெளியே போகிறதென்றால் அந்தப் பெயர் பொது. ரேஷன், வீடு கட்டும் திட்டம், மானிய டிராக்டர், பயிர் இழப்பீடு எல்லாமே இதில் வரும். ரேஷனுக்குக் கூடுதலாக இன்னொரு பிடிமானமும் உண்டு. 2013-ஆம் ஆண்டின் தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் பிரிவு 27, பொது விநியோகத் திட்டப் பதிவேடுகளைப் பொதுமக்கள் பார்வைக்கு வைக்க வேண்டும் என்று தனியாகவே சொல்கிறது. ரேஷன் விஷயமாக மனு எழுதினால் அதையும் ஒரு வரி சேர்த்துவிடுங்கள்.

ஆனால் பெயர் பொது என்பதற்காக அந்த ஆளைப் பற்றிய எல்லாமே பொது ஆகிவிடாது. இங்கேதான் கேள்வியை எப்படி எழுதுகிறோம் என்பது முக்கியமாகிறது.

மனுவை எழுதும் விதம்

ஊராட்சியில் வீடு கட்டும் திட்டத்தில் ஏற்கெனவே மாடி வீடு வைத்திருப்பவர்களுக்கும் ஆணை போயிருக்கிறது என்று சந்தேகம். பெரும்பாலானோர் எழுதுவது: "மேற்படி திட்டத்தில் பயன் பெற்றவர்களின் அனைத்து ஆவணங்களின் நகலையும் வழங்கவும்." இப்படி எழுதினால் மறுப்பை நாமே வெற்றிலை பாக்கு வைத்து அழைத்த மாதிரி. அனைத்து ஆவணம் என்றால் ஆதார் நகல், வங்கிப் புத்தகத்தின் முதல் பக்கம், சாதிச் சான்று, கணவர் இறப்புச் சான்று எல்லாம் அதில் அடக்கம். அலுவலர் மறுத்தால் அவர் மேல் தப்புச் சொல்ல முடியாது. இப்படி எழுதிப் பாருங்கள்:

"2023 ஏப்ரல் 1 முதல் 2025 மார்ச் 31 வரை எங்கள் ஊராட்சியில் மேற்படி திட்டத்தில் பணி ஆணை பெற்ற பயனாளிகளின் பெயர், வார்டு எண், ஆணை எண், ஆணை தேதி, வழங்கிய தவணைத் தொகை, ஒவ்வொரு தவணைக்கும் முன் கள ஆய்வு செய்த அலுவலரின் பதவி, ஆய்வு தேதி ஆகியவை உள்ள பதிவேட்டுப் பக்கங்களின் நகல் தரவும். ஆதார் எண், வங்கிக் கணக்கு எண், கைபேசி எண், சாதி மற்றும் வருமான விவரங்கள் எனக்குத் தேவையில்லை. அவை அதே பக்கத்தில் இருந்தால் பிரிவு 10-இன்படி அவற்றை மறைத்துவிட்டு மீதியை வழங்கவும். கோரும் விவரம் பிரிவு 4(1)(பி)-இன்படி தாங்களே வெளியிட வேண்டியது என்பதைத் தெரிவித்துக்கொள்கிறேன்."

கடைசி மூன்று வரிகளைப் பாருங்கள். வேண்டாதது எது என்று நாமே எழுதிக் கொடுத்துவிட்டதால், தனிநபர் விவரம் கலந்திருக்கிறது என்ற காரணத்தை அலுவலர் சொல்வதற்கு இடமே இல்லை. நாளை மேல்முறையீட்டில் தகவல் ஆணையர் முன்னால் உட்காரும்போதும், இவர் யாருடைய அந்தரங்கத்தையும் கேட்கவில்லை என்று மனுவே பேசும். சட்டம் மாறிய பிறகு இந்த "எனக்குத் தேவையில்லை" வரி இல்லாமல் எந்த மனுவையும் அனுப்ப வேண்டாம் என்பேன்.

இரண்டாவது, ஆளைக் கேட்காதீர்கள், பதவியைக் கேளுங்கள். பள்ளியில் ஒரு ஆசிரியர் மாதக்கணக்கில் வரவில்லை, பிள்ளைகள் வகுப்பில் சும்மா உட்கார்ந்திருக்கிறார்கள். கோபத்தில் "இன்னாரின் விடுப்பு விண்ணப்பங்கள், மருத்துவச் சான்றிதழ்கள் வேண்டும்" என்று கேட்டால் கிடைக்காது, கிடைக்கவும் கூடாது. அவருக்கு என்ன நோய் என்பது ஊருக்குத் தேவையில்லாத விஷயம். "ஐந்தாம் வகுப்பு ஆசிரியர் பணியிடத்தில் ஜூன் முதல் டிசம்பர் வரை எத்தனை வேலை நாட்களில் ஆசிரியர் பணியில் இருந்தார், இல்லாத நாட்கள் தற்செயல் விடுப்பா, மருத்துவ விடுப்பா, மாற்றுப்பணியா, அந்த நாட்களில் வகுப்பை யார் கவனிப்பது என்று பிறப்பித்த ஆணையின் நகல்" என்று கேட்டால், பள்ளி எப்படி நடந்தது என்பது முழுசாகத் தெரிந்துவிடும். நமக்கு வேண்டியதும் அதுதானே. மாற்றுப்பணியில் வேறு அலுவலகத்தில் உட்கார வைத்திருந்தால், அந்த ஆணையைப் போட்ட மேலதிகாரி யார் என்பதும் வெளியே வரும்.

சம்பளம் இன்னொரு நல்ல உதாரணம். ஓர் அரசு ஊழியரின் ஊதிய நிலை, மொத்த மாத ஊதியம் ஆகியவை பிரிவு 4(1)(பி)-யில் அப்பட்டமாக வருகின்றன. ஆனால் சம்பளச் சீட்டின் வலது பக்கத்தைப் பாருங்கள். சேமநிதிக் கடன் பிடித்தம், கூட்டுறவுச் சங்கக் கடன், ஆயுள் காப்பீட்டுப் பிரீமியம், சிலருக்கு நீதிமன்ற ஜப்திப் பிடித்தம். அதை வைத்து ஒரு குடும்பத்தின் கஷ்டத்தை முழுவதும் படித்துவிடலாம். அதனால் சம்பளச் சீட்டின் நகல் என்று கேட்காமல் மொத்த ஊதியம் என்று கேளுங்கள்.

ஒழுங்கு நடவடிக்கை விஷயத்தில் இன்னும் கவனம் வேண்டும். 2012-இல் கிரீஷ் ராமச்சந்திர தேஷ்பாண்டே வழக்கில் உச்ச நீதிமன்றம், ஓர் ஊழியருக்குக் கொடுத்த மெமோ, விளக்கம் கேட்ட நோட்டீஸ், தண்டனை ஆணை, அவருடைய சொத்து விவரம், வருமான வரிக் கணக்கு எல்லாம் தனிப்பட்ட தகவல், பெரிய பொதுநலன் காட்டினால் ஒழிய கொடுக்க வேண்டியதில்லை என்று சொன்னது. அந்தத் தீர்ப்பின் பெயர் இன்றைக்கு எல்லா மறுப்புக் கடிதத்திலும் வருகிறது. தேர்தலில் நிற்கிறவர் சொத்துக் கணக்கையும் குற்ற வழக்கையும் பிரமாணப் பத்திரத்தில் ஊரறியக் கொடுத்தாக வேண்டும், ஆனால் கோடிக்கணக்கில் டெண்டர் முடிவு செய்யும் அதிகாரியின் சொத்து விவரம் தனிப்பட்டது என்பது எனக்கு ஒப்பவில்லை. அது ஒரு பக்கம் இருக்கட்டும். நடைமுறையில், ஓர் ஆளின் கோப்பைக் கேட்பதற்கு முன், "இந்த அலுவலகத்தில் மூன்று ஆண்டுகளில் வந்த லஞ்சப் புகார்கள் எத்தனை, 17(ஏ), 17(பி) குறிப்பாணைகள் (ஒழுங்கு நடவடிக்கைக்கான நோட்டீஸ்கள்) எத்தனை, முடிந்தவை எத்தனை, நிலுவையில் உள்ளவை எத்தனை" என்று கேளுங்கள். எண்ணிக்கைக்கு அந்தரங்கம் கிடையாது. அந்த எண்ணிக்கையே ஒரு வழக்கில் குறிப்பிட்ட கோப்பைக் கேட்பதற்கான பொதுநலக் காரணமாக அப்புறம் பயன்படும்.

"ஏன்" என்று கேட்காதீர்கள், கையில் இருக்கும் ஆவணத்தைத்தான் தர வேண்டும், விளக்கம் எழுதித் தர வேண்டியதில்லை என்பது 2011-இலேயே உச்ச நீதிமன்றத் தீர்ப்பில் தீர்ந்துபோன விஷயம். (அதே தீர்ப்புதான் தேர்வு எழுதியவர் தன் விடைத்தாளைத் தானே பார்க்கும் உரிமையையும் கொடுத்தது. அடுத்தவர் விடைத்தாள் வேறு கதை.) பக்கம் நிறைய இருந்தால் நகலுக்குப் பதில் நேரில் பார்வையிட அனுமதி கேளுங்கள். கோப்பைப் புரட்டிப் பார்த்து, உண்மையில் எந்தப் பத்துப் பக்கம் வேண்டும் என்று குறித்துக்கொண்டு அவற்றுக்கு மட்டும் சான்றிட்ட நகல் கேட்டால் தேவையில்லாத யாருடைய விவரமும் நம் வீட்டுக்கு வராது.

பெயர் வேண்டும் என்று வாதாடும்போது

பிரிவு 6(2)-இன்படி தகவல் எதற்கு என்று காரணம் சொல்ல வேண்டியதில்லை. ஆனாலும் அடுத்தவர் பெயர் வரும் மனுவில் மட்டும் காரணத்தை நாமாகவே எழுதிவிடுவது நல்லது, 8(2)-ஐத் தூக்கிப் பிடிக்க அது உதவும். "பொதுநலனுக்காக" என்று ஒரே வார்த்தையில் எழுதினால் ஒரு பயனும் இல்லை. எவ்வளவு பொதுப்பணம், எந்த விதி மீறப்பட்டதாகத் தெரிகிறது, பெயர் தெரியாமல் அதைச் சரிபார்க்க ஏன் முடியாது, வெளியிடுவதால் அந்த நபருக்கு வரக்கூடிய பாதிப்பு ஏன் சிறிது, இந்த நான்கையும் நாலு வரியில் எழுதுங்கள். கடைசி விஷயத்தைப் பலரும் விட்டுவிடுகிறார்கள். 8(2) கேட்பது தராசில் இரண்டு தட்டையும் வைக்கச் சொல்லித்தான். எதிர்த்தட்டைப் பற்றி நாமே பேசினால் முடிவெடுக்கிறவருக்கு நம் மேல் நம்பிக்கை வரும்.

துணைக்கு ஒரு பழைய தீர்ப்பும் இருக்கிறது, நம் ஊரிலிருந்து போன வழக்கு. ஆட்டோ சங்கர் சிறையில் எழுதிய சுயசரிதையை நக்கீரன் இதழ் வெளியிடக் கூடாது என்று அதிகாரிகள் தடுக்கப் பார்த்தார்கள். 1994 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் ராஜகோபால் எதிர் தமிழ்நாடு அரசு வழக்கில் சொன்னது: பொது ஆவணத்தில் பதிவாகிவிட்ட விஷயத்துக்கு அந்தரங்கம் கோர முடியாது, அரசு அலுவலர் தன் பணி தொடர்பான செயலுக்கு அந்தரங்கம் கோர முடியாது. அதே தீர்ப்பு அங்கேயே ஒரு கோடும் போட்டது, பாலியல் வன்முறைக்கோ கடத்தலுக்கோ ஆளான பெண்ணின் பெயர் ஆவணத்தில் இருந்தாலும் அதை ஊரறியச் செய்யக் கூடாது என்று. தனி மனிதரின் அந்தரங்க உரிமையை இவ்வளவு அழுத்தமாகப் பேசிய தீர்ப்பே அதிகாரியின் பணியை அதற்கு வெளியே வைத்ததை மேல்முறையீட்டில் எடுத்துச் சொல்லலாம்.

மறுப்பு வந்தால் முதலில் அந்தக் கடிதத்தையே சோதியுங்கள். எந்தப் பிரிவு என்று எண் மட்டும் போட்டால் போதாது, ஏன் அந்தப் பிரிவு பொருந்துகிறது, யாரிடம் எத்தனை நாளுக்குள் மேல்முறையீடு செய்யலாம் என்றும் எழுதியிருக்க வேண்டும். பதிலே வராமல் 30 நாள் போனால் அதுவும் மறுப்புதான். முதல் மேல்முறையீடு 30 நாளுக்குள், அதே துறையின் மேலதிகாரியிடம். இரண்டாவது, 90 நாளுக்குள், மாநிலத் தகவல் ஆணையத்திடம். மறுத்தது சரி என்று நிரூபிக்கும் பொறுப்பு பிரிவு 19(5)-இன்படி அலுவலருடையது, நம்முடையது இல்லை. மேல்முறையீட்டில் எழுத வேண்டிய வாக்கியம் சுருக்கமானது: "8(2)-இன்படி பொதுநலனை எடை போட்டதாகப் பதிலில் ஒரு வரிகூட இல்லை, பிரிவு 10-இன்படி பிரித்துத் தர முடியுமா என்றும் பரிசீலிக்கவில்லை." எடை போட்டு மறுப்பது வேறு, எடையே போடாமல் மறுப்பது வேறு.

கையில் வந்த பிறகு

இந்தப் பகுதியை நிதானமாகப் படியுங்கள், ஏனென்றால் அலுவலகம் மறைக்க மறந்ததை நாம் வாட்ஸ்அப் குழுவில் போட்டால் அந்தப் பாவம் நம்முடையது. கைம்பெண் ஓய்வூதியப் பட்டியலில் கணக்கு எண்ணோடு கைபேசி எண்ணும் வந்துவிட்டது என்று வையுங்கள். அதை அப்படியே பகிர்ந்தால் மறுநாளே வங்கியிலிருந்து பேசுவதாகச் சொல்லி ஓடிபி கேட்கிறவன் அந்தப் பாட்டிக்குப் போன் போடுவான்.

மறைக்கும் வேலையைக் கைபேசியில் செய்யாதீர்கள். பிடிஎஃப் மேல் கறுப்புக் கட்டம் வரையும் செயலிகள் பலவற்றில் கட்டம் மேலே ஒட்டிக்கொண்டு நிற்கும், அடியில் எழுத்து அப்படியே இருக்கும். அந்த இடத்தைத் தேர்வு செய்து நகலெடுத்து வேறெங்காவது ஒட்டினால் ஆதார் எண் முழுசாக வந்து விழும். படத்தில் ஹைலைட்டர் கொண்டு கறுப்படித்தாலும் வெளிச்சத்தைக் கூட்டினால் பல நேரம் தெரிந்துவிடும். பழைய முறைதான் பத்திரமானது. ஒரு ஜெராக்ஸ் எடுங்கள், அதில் தடித்த கறுப்பு மார்க்கரால் அடியுங்கள், காய்ந்ததும் வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பாருங்கள், எழுத்தின் தடம் தெரிந்தால் பின்பக்கமும் அடியுங்கள். அப்புறம் அதை மறுபடி ஜெராக்ஸ் எடுத்து அந்த இரண்டாம் நகலைத்தான் ஸ்கேன் செய்ய வேண்டும். மூலப் பிரதியில் கை வைக்கக் கூடாது, நீதிமன்றத்துக்கு அது வேண்டும். பதில் கடிதத்தின் முதல் பக்கத்தில் பெறுநர் என்ற இடத்தில் உங்கள் வீட்டு முகவரி இருக்கிறதே, அதையும் அடித்துவிடுங்கள்.

பெயரை மட்டும் மறைத்தால் போதும் என்றும் நினைக்காதீர்கள். நாலு தெரு உள்ள ஊரில் "மூன்றாவது வார்டு, மாற்றுத்திறனாளி, வயது 34" என்றால் அது யார் என்று டீக்கடையில் கேட்டாலே சொல்லிவிடுவார்கள். ஒரு வகையில் ஐந்து பேருக்கும் குறைவாக இருந்தால் வார்டு வாரியாகப் போடாமல் ஊராட்சி மொத்தமாகப் போடுங்கள். எச்ஐவி, மனநலம், குழந்தைகள் சம்பந்தப்பட்ட வழக்குகள், பாலியல் குற்றத்தில் பாதிக்கப்பட்டவர்கள், இவற்றில் அடையாளத்தை வெளியிடுவதைத் தனித்தனிச் சட்டங்களே தடுக்கின்றன. அங்கே பொதுநலன் என்று வாதாடவே போகாதீர்கள்.

பெயர்ப் பட்டியலை வைத்து என்ன செய்வது? முழுப் பட்டியலையும் பகிர்வதைவிட, ஊர்க்காரர்கள் நாலு பேரோடு உட்கார்ந்து சரிபார்த்து, பொருந்தாத பெயர்களை மட்டும் ஆவண எண்ணோடு எழுத்துமூலமாக கிராம சபையிலும் மாவட்ட ஆட்சியரிடமும் கொடுப்பது எவ்வளவோ மேல். தகுதியோடு வாங்கிய நூறு பேர் தாங்கள் ஏழைகள் என்று ஊரெல்லாம் படிக்கும்படி நிற்க வேண்டியதில்லை. தகுதியில்லாமல் வாங்கியவர் பெயர் இருந்தாலும், அவரைவிட ஆய்வு செய்ததாகக் கையெழுத்துப் போட்டவரின் பதவியை முன்னால் வையுங்கள், ஆணை அவர் கையெழுத்தில்தான் போனது.

உங்களைப் பற்றி வேறொருவர் கேட்டால்

நீங்கள் ரகசியமாக வைத்திருக்கும் விவரத்தை ஒருவர் கேட்டு, அதைக் கொடுக்கலாம் என்று அலுவலர் நினைத்தால், பிரிவு 11-இன்படி மனு வந்த 5 நாளுக்குள் உங்களுக்கு நோட்டீஸ் அனுப்ப வேண்டும். நோட்டீஸ் கிடைத்த 10 நாளுக்குள் நீங்கள் பதில் தரலாம். "எதையும் தரக் கூடாது" என்று ஒரே வரியில் எழுதினால் அது எடுபடுவது கஷ்டம். எந்த வரி, எந்தப் பக்கம், கொடுத்தால் என்ன கெடுதல் வரும் என்று குறிப்பாக எழுதுங்கள். கேட்கிறவரோடு உங்களுக்குக் குடும்ப வழக்கோ மிரட்டல் புகாரோ இருந்தால் வழக்கு எண்ணைக் கட்டாயம் போடுங்கள். கொடுப்பது என்று முடிவானாலும் உங்களுக்கு மேல்முறையீடு உண்டு. ஒன்றைக் கவனியுங்கள்: நீங்கள் வேண்டாம் என்று சொன்னதாலேயே அலுவலர் மறுத்துவிட முடியாது, முடிவு அவருடையது. "மூன்றாம் நபர் ஆட்சேபித்தார், ஆகவே மறுக்கப்படுகிறது" என்று உங்கள் மனுவுக்குப் பதில் வந்தால் அதே காரணத்தைச் சொல்லி மேல்முறையீடு செய்யலாம்.

அலுவலகத்தில் வேலை பார்க்கிறவர்கள் இதைப் படித்தால் ஒரு வேண்டுகோள். பயனாளிகள் பதிவேட்டை எக்செல்லில் வைக்கும்போதே ஆதார், கணக்கு எண், கைபேசி எண் ஆகிய பத்திகளைத் தனித் தாளில் வைத்துவிடுங்கள். மனு வரும்போது முதல் தாளை அப்படியே அச்சடித்துக் கொடுக்கலாம், மார்க்கரோடு உட்கார வேண்டாம், ஒரு நாளைக்கு 250 ரூபாய் அபராதம் என்ற பயமும் வேண்டாம்.

மனு போடுகிறவரின் அந்தரங்கம்

இதைப் பற்றி யாரும் பெரிதாகப் பேசுவதில்லை. மணல், நிலம், ஒப்பந்தம் பற்றிய மனுவில் உங்கள் முகவரி அலுவலகத்திலிருந்து சம்பந்தப்பட்டவர் கைக்குப் போக அரை நாள் ஆகாது. 2010-இல் புனே அருகே நில மோசடிகளைத் தோண்டிக்கொண்டிருந்த சதீஷ் ஷெட்டி காலை நடைப்பயிற்சியில் வெட்டிக் கொல்லப்பட்டார். 2020-இல் தகவல் ஒலிபரப்பு அமைச்சகம் மனுதாரர் ஒருவரின் முகவரி உள்ளிட்ட விவரங்களை இணையத்தில் போட்டதற்காக 25,000 ரூபாய் கொடுக்கும்படி பம்பாய் உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. எனவே ஆபத்து இருக்கிறது என்று தோன்றினால் வீட்டு முகவரி தர வேண்டாம். அஞ்சல் அலுவலகத்தில் தபால் பெட்டி எண் வாங்கிக்கொண்டு அதைப் போடலாம். பெட்டி எண் இருந்தால் முகவரி கேட்டு வற்புறுத்தக் கூடாது என்று 2013-இல் கல்கத்தா உயர் நீதிமன்றம் சொல்லி, அதை மத்தியப் பணியாளர் துறையும் சுற்றறிக்கையாக அனுப்பியிருக்கிறது. அந்த உத்தரவைக் குறிப்பிட்டு மனுவின் கீழே ஒரு வரி எழுதுங்கள். கைபேசி எண்ணை அறவே எழுத வேண்டாம், சட்டம் அதைக் கட்டாயமாகக் கேட்கவில்லை. விஷயம் பெரிது என்றால் வெவ்வேறு ஊர்களில் இருக்கும் மூன்று நான்கு நண்பர்கள் அதே கேள்வியைத் தனித்தனி மனுவாக, தனித்தனி தேதியில் பதிவுத் தபாலில் அனுப்பி, ஒப்புகை அட்டைகளை ஒரே இடத்தில் சேர்த்து வையுங்கள்.